கூரையில் பனி தங்காத வீடு

மினசோட்டாவின் வடக்கே, ஆல்டர் லேக் என்ற இரும்புச் சுரங்க ஊரில், அந்தப் பிப்ரவரி முழுக்க எய்னர் டோல்வனென் வீட்டுக் கூரையில் மட்டும் பனி தங்கவில்லை. மற்றக் கூரைகளில் இடுப்பளவு கிடந்தபோது அவருடையது ஜூலை மாதம்போலக் காய்ந்து கிடந்தது. பனியில்லாத கூரைக்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான்: வீட்டுச் சூட்டை வெளியே விடுகிற ஊதாரி. கொதிகலன் பழுதுபார்க்கும் பக்கத்து வீட்டு ஸ்டான்கோ வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன எய்னர், வானத்துக்கே கணப்புப் போடுறியா? காக்காய்ங்க நன்றி சொல்லச் சொல்லுச்சுங்க" என்றார். எய்னர் ஊர் வாய்க்காகப் பரண் முழுக்கச் சூடு காக்கும் பஞ்சுச் சுருள்களை அடைத்தார். அப்படியும் தங்கவில்லை.

காரணம் அவருக்குத் தெரியும். லூத்தரன் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியதோடு உள்ளூர்ப் பத்திரிகையில் இசை விமர்சனமும் எழுதிவந்தார் எய்னர். நல்ல ரசனையின் கடைசிக் காவல்காரன் என்று தன்னைப் பற்றி அவரே எழுதியதுண்டு, வேறு யாரும் எழுத முன்வராததால். கல்யாண கவுன் போட்டுக்கொண்டு கிடார் வாசிக்கும் ரூடி க்ராபெக்கின் புது ஆல்பத்தை அக்டோபரிலேயே கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். ரூடி அதில் போல்கா நடன மெட்டையும் ப்ளூஸையும் கலந்து, நடுவில் தாது ரயிலின் பிரேக் சத்தத்தை விட்டு, ஞானப்பாட்டு மெட்டில் ஊர்ப் போதகரின் பொய்ப்பல்லைப் பாடியிருந்தான். கேட்கத் தகுதியற்றது என்று எழுதிய எய்னர், அதை உறுதிசெய்துகொள்ள இன்னொரு முறை கேட்டார். பிறகு மனைவி லெம்பி வெளியே போன மதியங்களில் எல்லாம் உறுதிசெய்துகொண்டார். இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் கிடார் அக்கார்டியனோடு சண்டைபோட்டு, தோற்று, அழுதபடியே ஆடத் தொடங்கும் இடம் வந்ததும் ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்து இன்னொரு முறை கேட்பார். ஒவ்வொரு முறையும் மேலே கூரைப் பனி சரிந்து விழும். இதைக் கேட்பது வெளியே தெரிந்தால் பாடகர் குழுவும் போகும், பத்திரிகைப் பத்தியும் போகும்.

பெரும்பனி விழுந்த ஞாயிறன்று, பிரசங்கத்தின் நடுவே, பனிப் பாரம் தாங்காமல் தேவாலய உத்தரம் முனகியது. எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். மேலே ஆளை ஏற்றினால் கூரையும் ஆளும் சேர்ந்தே இறங்கும், ஏற்றாவிட்டால் கூரை தனியாக இறங்கும் என்றார் ஸ்டான்கோ. எய்னர் போதகரின் பக்கத்தில் போய் நின்றார்.

"என் வீட்டுல ஒரு ரெக்கார்டு இருக்கு, பாஸ்டர்."

"எது, அந்தப் பல்லுப் பாட்டா?"

"ஆமா."

போதகர் கூரையைப் பார்த்தார், தெருவில் எய்னர் வீட்டின் காய்ந்த கூரையைப் பார்த்தார். "போய் எடுத்துட்டு வா."

"உங்களோடது தேஞ்சுபோச்சு," என்றாள் லெம்பி. "தையல் பெட்டிக்கு அடியில என்னோடது இருக்கு, அதை எடுத்துட்டு வாங்க."

ஒலிபெருக்கியில் இரண்டாம் பக்கத்தைப் போட்டார்கள். சபையார் ஞானப்பாட்டுக்கு நிற்பதுபோலத் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பல்லைப் பற்றிய வரி வந்தபோது போதகர் கையால் வாயை மூடிக்கொண்டார். கிடார் தோற்றது, கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து கல்லறைப் பக்கம் விழுந்தது. வடக்கு ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் என்றார் ஸ்டான்கோ. எல்லோரும் காப்பி குடிக்கத் தேவாலயத்தின் அடித்தள அறைக்கு இறங்கினார்கள்.

பாடகர் குழு எய்னரிடமே இருந்தது. குளிர்காலம் தோறும், ஆசீர்வாதம் முடிந்ததும் இரண்டாம் பக்கம் போடுவது வழக்கமாகிவிட்டது. ரூடியின் அடுத்த ஆல்பம் வந்தபோது எய்னர் தன் பத்தியில் நடுநிலையோடு எழுதினார்: துணிச்சலான முயற்சி, ஆனால் வடக்கு ஓரத்துப் பனிக்கட்டிக்கு இதுவும் போதவில்லை.