மிதந்த முட்டைகள்

வறட்சியில் எங்கள் கூரோங் காயலில் தண்ணீர் உப்பேறி, அவை மேயும் நீர்ப்புல் அழுகியதும் பறந்துபோன அன்னங்கள், இந்தக் குளிர்காலத்தில்தான் திரும்பின. அடிலெய்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கிளைட் அங்கே டயாலிசிஸில் இருக்கிறார். ஊர்ப் பேச்சை எடுத்தாலே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். ஊரை, என்னையும் சேர்த்து, மறந்தே போனாரோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

"அன்ன முட்டையில ஒரு கேக் போட்டுக் கொண்டு வாடி, மெர்ல்," என்றார் அன்று.

மறுநாளே கொழுந்தன் லெஸ்ஸை இழுத்துக்கொண்டு படகேறினேன். நாணல் மேட்டுக் கூட்டில் ஆண் அன்னம் அடைகாத்துக்கொண்டிருந்தது. பெட்டை மேயப் போயிருந்தது. எங்கள் அன்னங்களுக்கு உடம்பெல்லாம் கறுப்பு, அலகு மட்டும் நல்ல சிவப்பு, நுனிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. எங்களைக் கண்டதும் அந்த ஆண் கழுத்தை நீட்டிச் சீறியது.

"உன்ன மாதிரியே சீறுது, அண்ணி."

"நீ துடுப்பைப் போடு. வாயைப் போடாத."

கடைசியில் அது மனசில்லாமல் தண்ணீரில் இறங்கியது. முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டேன். மூழ்கினால் எங்களுக்கு, மிதந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது, திருப்பி வைத்துவிட வேண்டும். இந்தக் காயல்கரைப் பூர்வகுடிகள் நாங்கள்; எங்கள் ஆட்கள் இதில் ஏமாற்றுவதில்லை. எல்லாமே மிதந்தன. அடுத்தடுத்த கூடுகளிலும் அதே கதைதான்.

"நாம லேட்டு, அண்ணி," என்றான் லெஸ்.

வெறுங்கையோடு அவர் முகத்தில் முழிக்க எனக்குத் தெம்பில்லை. வாத்து முட்டை வாங்கி கேக் போட்டு எடுத்துப்போனேன்.

கிளைட் ஒரு வாய் மென்றார். "அன்ன முட்டை ருசியே தனிதான்."

எனக்கு உயிர் வந்தது. இன்னொரு துண்டையும் தின்றுவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"எல்லாமே மிதந்துடுச்சா, மெர்ல்?"

திருதிருவென முழித்தேன். "எப்படிய்யா கண்டுபுடிச்ச?"

"வாத்து முட்டை தெரியாத வாயா இதுடி?" சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இன்னும் கொஞ்ச நாள்ல குஞ்சு வந்துரும். சாம்பல் கலர்ல, ஆத்தாக்காரி பின்னாலேயே நீந்தும். நான் பாக்கணும்டி. ஒரு நாள் போதும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

மறக்கவில்லை. நினைத்தால் தாங்காது என்றுதான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். நானோ, மறந்துவிட்டார் என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அழுகையை அடக்க முடியாமல், டாக்டரைத் தேடி ஓடினேன்.