நிலா சுட்ட வாணலி

கடை திறக்க எல்லாம் தயார், நிலாவைத் தவிர.

மேசைகள் வந்துவிட்டன, தட்டுகள் அடுக்கியாகிவிட்டது, வாசலில் 'அம்மா நிலா' என்று பெரிய எழுத்தில் பலகையும் ஏறிவிட்டது. திங்கட்கிழமை காலை திறப்பு. இன்னும் ஒரு வாடிக்கையாளர்கூட உள்ளே காலெடுத்து வைக்கவில்லை; அதற்குள் தெருவில் கடை போட்டவளுக்குக் 'கடைக்காரி' என்று பெயர் விழுந்துவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

நிலா என்றதும் யாரும் வானத்தைப் பார்க்க வேண்டாம். சீவிய உருளைக்கிழங்கையும் முட்டையையும் அடித்துக் கலந்து, வாணலியில் வட்டமாக ஊற்றி, அடி சிவந்ததும் திருப்பிப் போட்டு எடுப்பது, அவ்வளவுதான். கடைக்காரி சின்னப் பெண்ணாக இருந்தபோது அதற்கு வைத்த பெயர் அது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ்; பெரும்பாலும் இரவு டியூட்டி. அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். காலையில் படுக்கையில் புரளும்போதே அடுக்களையிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வரும். எழுந்து போய்ப் பார்த்தால் மேசைமேல் நிலா, தட்டுப் போட்டு மூடியிருக்கும். அம்மா உள்ளே அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருப்பாள். அப்பா யூனிஃபார்ம் பொத்தானை மாட்டிக்கொண்டே, "அம்மா செஞ்சது, சாப்பிடு" என்பார்.

அம்மாவின் மற்ற சமையலைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. எவ்வளவு ஒளிந்திருக்கும் நரம்பும் அவள் ஊசிக்குத் தப்பாது, ஆனால் உப்பு மட்டும் அவள் சொல்பேச்சுக் கேட்காது. நிலா ஒன்றுதான் ஒருநாளும் பிசகியதில்லை. இத்தனை அலுப்பிலும் எனக்காக இதை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்கிறாளே என்று கடைக்காரிக்கு அம்மாமேல் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு, அம்மா பேரில் கடை போட்டாள். பலகை எழுதி மாட்டும்வரை வீட்டில் மூச்சு விடவில்லை. ஒரேயடியாகக் காட்டி அசத்த வேண்டுமாம்.

அசந்துதான் போனாள் அம்மா. பலகையைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று. சந்தோஷம் தாங்கவில்லை என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. கடைக்காரி சுட்ட நிலா எதுவும் நிலாவாக வரவில்லை. ஒன்று அடியில் ஒட்டியது, இன்னொன்று நடுவில் கிழிந்தது, ஒட்டாமல் வந்ததோ வெள்ளைத்துணி மாதிரி வெளுத்து வந்தது. அம்மாவை அழைத்து வந்து அடுப்பின் முன்னால் நிறுத்தினாள். அம்மா கிண்டிய கிண்டில் அது நிலாவுமில்லை, முட்டைப் பொரியலுமில்லை. அடுப்பு சரியில்லை என்றாள், கிழங்கில் தண்ணீர் அதிகம் என்றாள், கடைசியில், "அந்தப் பழைய சட்டி இருந்தா வரும். அதுதான் எப்பவோ போயாச்சே" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தச் சட்டி போகவில்லை. கடைக்காரி மறுநாளே பெற்றோர் வீட்டுக்குப் போய்ப் பரண், கட்டிலடி என்று ஒரு மூலை விடாமல் குடைந்தாள். கடைசியில் பால்கனிக்கு வந்தாள். அப்பா இடது கையில் குவளையோடு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெரிய பூந்தொட்டிக்கு அடியில், வழிகிற தண்ணீரைத் தாங்க ஒரு வட்டத் தட்டு. அந்தத் தட்டுக்குக் கைப்பிடி இருந்தது.

"அது வேற சட்டி. தொடாதே, கையெல்லாம் துருவாகும்" என்றாள் அம்மா வாசலில் நின்று.

அப்பா குவளையைக் கீழே வைத்தார். தொட்டியை மெதுவாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

கடைக்காரியின் கணவர் பல்செட் செய்கிறவர். ஊருக்கே பல்காரர். இல்லாத பல்லுக்குப் பல் கட்டுகிற மனுஷர் என்பதால் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இனி தேறாது என்று சொல்லமாட்டார். துரு செதில் செதிலாக உதிர்ந்த அந்த வாணலியை, ஏதோ குழந்தையை வாங்குவது போல் இரண்டு கையாலும் வாங்கினார். கைப்பிடி ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, மறுகை முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

டங்.

கடைக்காரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். துருவுக்கு நடுவிலிருந்து வந்ததால் கொஞ்சம் கம்மியிருந்தது. ஆனாலும் அதே சத்தம். தினமும் அவளை எழுப்பிவிட்ட சத்தம்.

"இதேதாங்க."

"விரிசல் இருந்தா இப்படிப் பாடாது, செத்த சத்தம் வரும். இது திடமா இருக்கு" என்றார் பல்காரர். அவள் கேட்டது வேறு, அவர் கேட்டது வேறு. இருவருக்கும் மனசு நிறைந்தது.

அவள் அவசரக்காரி. நெருப்பில் தூக்கிப் போட்டால் துரு எரிந்துபோகும் என்று அடுப்பை மூட்டப் போனாள். பல்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார். வார்ப்பிரும்பு முரட்டுத்தனமாகத் தெரியுமே தவிர, கண்டபடி சூடு பட்டால் கோணிக்கொள்ளும், அப்புறம் யார் கெஞ்சினாலும் நிமிராது என்றார். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அதில் முக்கினார். ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் போகவும் இல்லை; புளிப்பு துருவைத் தின்று முடித்துவிட்டு இரும்பில் வாய் வைத்துவிடும் என்று எடுத்து எடுத்துப் பார்த்தார். இரும்பு நாரால் தேய்த்தார். கழுவினார். மறுபடி தேய்த்தார். தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி ஓடியது. மனுஷர் சட்டை நனைந்து, மூக்கில் கறை படிந்து, வாயில் ஒரு பாட்டு முணுமுணுப்போடு நின்றதைப் பார்த்தபோது, இவரைக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று கடைக்காரிக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கேறும்.

சாம்பல் நிறத்தில் இரும்பு வெளியே வந்தது. அடியில் சுற்றிலும் ஒரு வளையம், கைப்பிடிக்குக் கீழே ஓர் எண், நடுவில் வார்ப்பு ஊற்றிய இடத்தில் நீளத் தழும்பு. எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. அந்தத் தழும்பை வைத்துப் பார்த்தால் ரொம்பப் பழைய வார்ப்பு, மாமியார் கைக்கு வரும் முன்பே இன்னும் யாரோ ஆண்டிருப்பார்கள் என்றார் பல்காரர். உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். கடையில் வாங்கிய புதுச் சட்டி சொரசொரவென்று இருக்கும். இது கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. வார்த்ததோடு விடாமல் கடைசல் பிடித்து இழைத்திருக்கிறார்கள். யார் பெற்ற பிள்ளையோ, பெயர்கூடப் போட்டுக்கொள்ளாமல் இப்படி ஒரு வேலை செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பல்காரர் ஜன்னலோரம் போய், பல் பார்க்கிற லென்ஸை மாட்டிக்கொண்டு விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அத்தைக்கு இடது கைப்பழக்கமா?"

"இல்லையே. ஏன்?"

அவர் தொழிலில் தேய்மானம்தான் பேசும். பல்லைப் பார்த்தே அந்த ஆள் எந்தப் பக்கம் மெல்லுவார் என்று சொல்லிவிடுவார். வாணலியின் கைப்பிடியைத் தன் பக்கம் திருப்பி மேசையில் வைத்தார்.

"வலது கைக்காரங்க தட்டுக்கரண்டியை அடியில விட்டுத் தள்ளினா அது எதிர்ல, இடது விளிம்புல போய் முட்டும். வருஷக்கணக்கா முட்டினா அங்கதான் தேயும். இதுல இடது விளிம்பு அப்படியே இருக்கு. வலது விளிம்பு தேஞ்சு தட்டையாயிருக்கு பாரு. இடது கையால சமைச்சிருக்காங்க, அதுவும் நிறைய நாள்."

பழைய சொந்தக்காரர் யாராவது இருக்கலாம் என்று அவரே சேர்த்துச் சொன்னார். அவள் காதில் அது ஏறவில்லை. தேய்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். டெப்போவில் இடது கையால் ஸ்பேனர் திருப்புகிற ஆள் ஒரே ஒருத்தர்தான். அதனால் மற்றவர்கள் கழற்ற முடியாத மூலை நட்டுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடித்ததில்லை என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அம்மா பட்ட பாட்டையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரே என்று அவர்மேல் உள்ளுக்குள் ஒரு கடுப்பும் உண்டு.

இதற்குள் கழுவிய இரும்பு, காற்றுப் பட்ட இடத்தில் மறுபடி செம்பழுப்பாகத் தொடங்கியது. பல்காரர் பதறாமல் அடுப்பில் காட்டி ஈரத்தை ஓட்டினார். எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்க வேண்டிய நேரம் வந்தது. அவள் ஏதோ நினைப்பில் சட்டியைக் குளிப்பாட்டுகிற மாதிரி எண்ணெயை ஊற்றிவிட்டாள்.

"தடவினது தப்புன்னு நினைச்சுக்கிட்டு மொத்தத்தையும் துடைச்சிடு" என்றார் அவர். "துடைச்ச பிறகும் கொஞ்சம் இருக்கும். அது போதும். கண்ணுக்குத் தெரியறது பிசுபிசுன்னு ஒட்டும். தெரியாததுதான் நிக்கும்."

துடைத்தாள். கடையின் புது ஓவனில் கவிழ்த்து வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி தடவி, மறுபடி துடைத்து வைத்தார்கள். மாலைக்குள் வாணலி கருத்து மினுங்கியது. நேற்றுவரை பூந்தொட்டி சுமந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பெற்றோர் வீட்டுக்குப் போனாள். கிழங்கு சீவினாள், முட்டை அடித்தாள், வாணலியை அடுப்பில் வைத்தாள். அம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கடைக்காரி தட்டுக்கரண்டியை அம்மாவிடம் கொடுக்கவில்லை. மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் நீட்டினாள்.

"அப்பா. நீங்க."

பேப்பர் இறங்கியது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா செருகிய தலைப்பை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"அப்பாடா" என்றாள். "செய்யாத வேலைக்கு இத்தனை வருஷமா பாராட்டு வாங்கி வாங்கி எனக்கு மூச்சே முட்டிப்போச்சு. இதுல போர்டு வேற எழுதி மாட்டிட்டா."

பிறகு அம்மாதான் சொன்னாள். இரவு டியூட்டி ஆரம்பித்த புதிதில், அம்மா இல்லாத வீட்டில் சாப்பிடமாட்டேன் என்று குழந்தை தட்டைத் தள்ளிவிட்டு அழுமாம். அப்பா என்னென்னவோ செய்து பார்த்தாராம். ஒருநாள் காலை, வாய் தவறியோ தெரிந்தோ, அம்மா வந்து செஞ்சு வெச்சுட்டுத் தூங்குறா என்று சொல்லிவிட்டார். குழந்தை தட்டை வழித்துச் சாப்பிட்டது. மறுநாளும் அதையே சொன்னார். அப்புறம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நீ ஹாஸ்டலுக்குப் போனே" என்றார் அப்பா. "அப்புறம் சட்டிக்கு வேலை இல்லை. செடிக்கு வெச்சேன்." எழுந்து அடுப்புக்கு வந்தார்.

வாணலியைக் கையில் எடுத்து, தேய்ந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். எண்ணெய் ஓடியது, கலவை வட்டமாகப் பரவியது. மகள் பக்கத்தில் நின்று கண் கொட்டாமல் பார்த்தாள். இந்தக் கைதானா. கிரீஸ் போகாத நகமும் காய்ப்பேறிய விரலுமாக, இந்தக் கைக்குள்ளா அவ்வளவு பதம் இருந்தது. தீயைக் குறைக்க வேண்டிய நொடியில் குறைத்தார். ஓரம் பொன்னாக எழும்பியதும் இடது கையால் கரண்டியை உள்ளே விட்டு ஒரே தள்ளில் திருப்பினார். நிலா கிழியாமல் ஒட்டாமல் புரண்டு விழுந்தது. கரண்டியை விளிம்பில் ஒரு தட்டு.

டங்.

நாளைக்குக் கடைக்கு வந்து நிற்கச் சொன்னாள். வருகிறேன் என்றார். பலகையை மாற்றி எழுதப் போகிறேன் என்றதற்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பேரில் கை வைத்தால் வரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவள் அத்தோடு விட்டுவிட்டாள்.

நிலாவைத் தட்டில் எடுத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, மகள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே, பழக்க தோஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

"அம்மா செஞ்சது. சாப்பிடு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மகளுக்குச் சிரிக்க வரவில்லை. மூடிய தட்டை எடுத்தாள். அன்றுபோலவே ஒரு பிசிறு மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா பேப்பரை எடுக்கவில்லை.