பஞ்சுக் கிடங்கின் தொட்டி

டாக்டர் ஜெயக்கொடி ராயபுரம் மருந்தகத்துக்கு வேலைக்கு வந்த வருஷம், ஐப்பசி மழைக்குப் பின் மலேரியா பரவியது. துறைமுகத்துக் கூலியாட்கள் நடுங்கிக்கொண்டு வாசலிலேயே சுருண்டு கிடந்தார்கள். காய்ச்சலுக்கான கொய்னா மருந்தைக் கொடுத்து மாளவில்லை. அடுத்த மழை இப்படிப் போகக் கூடாது என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

கோடையிலேயே வார்டு சுகாதாரக் கமிட்டிக்குப் போனாள். அதன் தலைவர் ராமசுப்பு, விருதுநகரிலிருந்து வந்து பஞ்சுக் கிடங்கு வைத்தவர். மருந்து, கட்டில் என்று அவள் கேட்டதற்கெல்லாம் தட்டாமல் சம்மதித்தார்.

"இன்னொண்ணும் இருக்கு அண்ணாச்சி" என்றாள். அவளும் தெற்கத்திக்காரிதான். "கொசுவ ஒழிச்சா இம்புட்டு மருந்து வேண்டாம். வார்டுல உள்ள கிணறு, தொட்டி எல்லாத்தையும் பாக்கணும். ஒங்க கிடங்குல இருந்தே ஆரம்பிக்கேன்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் கூட்டிப்போனார். கிடங்கு முற்றத்தில் பெரிய செங்கல் தொட்டி இருந்தது. வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தால் தண்ணீரை மொண்டு காட்டினாள். நூல் துணுக்குகள் போலப் புழுக்கள் நெளிந்தன.

"இதெல்லாம் கொசுவாப் பறக்கும். ஒங்க ஆளுகளத்தான் மொதல்ல கடிக்கும். தண்ணிய வடிச்சிருங்க."

"அது மட்டும் முடியாது டாக்டரம்மா. முன்ன தீப்பிடிச்சு மொத்தக் கிடங்கும் போச்சு. உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டான். இந்தத் தண்ணி இல்லன்னா எனக்கு ஒறக்கம் வராது."

"அப்போ மேலாப்புல மண்ணெண்ணெய் ஊத்தலாமா?"

"தீயணைக்க வச்ச தண்ணியிலயா?"

அவர் சிரித்துவிட்டார். கேட்ட பிறகுதான் அவளுக்கும் உறைத்தது, அவளும் சிரித்தாள்.

"சரி, மீன் விடுவோம். புழுவத் தின்னுரும்" என்றாள்.

செங்குன்றம் ஏரியிலிருந்து பானையில் பொடிமீன்கள் வந்தன. சில வாரம் கழித்து ராமசுப்பு தாமே வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டியின் மூலைக்கு மூலை மொண்டு பார்த்தார். ஒரு புழுவும் இல்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எல்லா வீடுகளையும் சோதிக்க வேண்டும் என்று பேசியவர் அவர்தான். கமிட்டியில் இருந்த தோல் மண்டிக்காரர் சௌக்கத் அலிக்கு அது பிடிக்கவில்லை.

"பொம்பளைங்க பொழங்கற எடம். வூட்டுக் கிணத்த வந்து எட்டிப் பாப்பாங்களா?"

"பாக்கப்போறதும் பொம்பளைதான், சாயபு. என் தொட்டியில புழு நெளிஞ்சத எல்லார் முன்னாலயும் சொல்லுதேன். வெக்கமாத்தான் இருந்திச்சு. அதுக்காக மறைக்க முடியுமா?"

சௌக்கத் அலி தாடியைத் தடவிக்கொண்டார். "காலையிலே அனுப்புங்க. வூட்டுல சொல்லி வெக்கறேன்" என்றார்.

மிச்சக் கோடை முழுக்க ஜெயக்கொடி வீடு வீடாக ஏறி இறங்கினாள். தொட்டிகளுக்கு மூடி வந்தது, கிணறுகளுக்கு மீன் வந்தது. குளிர் கண்ட அன்றே மருந்தகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கிடங்குப் பெண்களிடமும் சொன்னாள். பஞ்சுப் பொதி சுமக்கும் கெங்கம்மா தலையாட்டவில்லை.

"வந்தா வேல பூடும்மா. மறுநா அந்த எடத்துல வேற ஒருத்தி நின்னுகினு இருப்பா."

ஜெயக்கொடி பக்கத்தில் நின்ற ராமசுப்புவைத் திரும்பிப் பார்த்தாள்.

"காய்ச்சல்னு போறவ எடம் அவளுக்குத்தான். நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அவர்.

மழை வந்தது. காய்ச்சலும் வந்தது, ஆனால் போன வருஷம் போல அள்ளிக்கொண்டு வரவில்லை. வந்தவர்களும் முதல் நடுக்கத்திலேயே நடந்து வந்தார்கள். ஒரு காலை கெங்கம்மா கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். கொய்னாவை ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாம்மா இது, இம்மாங் கசப்பு கீது?"

"கசக்கட்டும். முழுங்கு."

முழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "பக்கத்து வூட்டு கன்னியம்மாவுக்கும் நடுங்கிகினு கீது. இட்டாரவா?"

"நீ படு. அவ வீடு எங்கன்னு சொல்லு" என்று ஜெயக்கொடி குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.