நான்கு கோடும் ஐந்து கோடும்

மழைநீர் தேங்கிய உப்பளப் பாத்திகளெல்லாம் வானை ஏந்திக் கிடக்க, கழுவெளி ஏரிப் பறவைகள் கூட்டங்கூட்டமாய்க் கரை திரும்பும் மார்கழி மாலையில், ஆழிப்பேரலை உயிர்களை வாரிச்சென்று ஓராண்டு நிறைந்த அந்நாளில், மரக்காணத்தை அடுத்த சிற்றூர்க் கோவிலின் மணி ஒலித்தது, நற்றமிழ் அறிந்தீர்! ஓசை கேட்டு ஊரே உள்ளே நுழைய, பாடற்குழுத் தலைவி சகாயமேரி மட்டும் வாயிற்படியில் கால் கூசி நின்றாள்.

அக்கூச்சம் வந்த வழி இது. இறந்தோர்க்கென வழிவழியாய்ப் பாடப்பெறும் கிரகோரியன் இலத்தீன் பாடலை இந்நாளில் பாடுவிக்க விரும்பிய பங்குத்தந்தை, கார்த்திகையில் இரண்டு ஏடுகளை அவள்முன் வைத்தார். ஒன்றில் நான்கு கோடுகளின்மேல் பழைய முறைச் சதுர இசைக்குறிகள் ஏறியிறங்கின. மற்றதில் அப்பாடலே இக்கால முறையில் ஐந்து கோடுகளும் வட்டக் குறிகளுமாய் இருந்தது. சொல்லின் மூச்சு கெடாமல் காப்பது பழைய ஏடே என்பது தந்தையின் எண்ணம். புதுவையில் இசை பயின்றவள் என்று ஊரார் தலையில் தூக்கிவைத்து ஆடிய சகாயமேரிக்கோ, சதுரக் குறியில் ஒன்றும் விளங்கவில்லை. தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"உப்பளத்துப் பொம்பளைங்க, சாமி. இதுங்களுக்கு நாலு கோடெல்லாம் ஏறாதுங்க. அஞ்சு கோடே போதும்" என்றாள் அவள்.

பாடற்குழுவிலிருந்த அப்பெண்களோ எந்த ஏட்டையும் பார்ப்பவர் அல்லர். அவள் பாடக் கேட்டுப் பாடுபவர். அருகே அமர்ந்து அச்சொல்லைக் கேட்ட அவர்கள் தலைகுனிந்தனர்.

இன்றோ, அவள் உள்ளே வந்து குழுவோடு நின்றதும், தந்தை மேடையில் நின்று, "நம்ம பெண்களுக்குப் பழைய முறை எட்டல. எளிய முறையில பாடறாங்க. குறையிருந்தா பொறுத்துக்கோங்க" என்று ஊர் முழுதும் கேட்க உரைத்தார். சகாயமேரியின் முகம் எரிந்தது. அலையில் மகளைப் பறிகொடுத்து, இந்த ஒரு பாட்டுக்காகவே நாள்தோறும் மழையில் நனைந்து வந்து பயின்ற உப்பளத்து லூர்துமேரி அவள் பக்கத்தில் நின்றாள்.

"நான் போய்ச் சொல்லிடறேன்க்கா. வராதது எனக்குத்தான்" என்றாள் சகாயமேரி.

"அன்னிக்கு நீ முழிச்ச முழியிலயே தெரிஞ்சிபோச்சி. எங்களுக்கு வராதுன்னே இருக்கட்டும், வுடு. நீ இப்போ ஒடஞ்சி நின்னா யாரு பாட்டெடுத்துக் குடுப்பா? எம்பொண்ணுக்குப் பாட்டு நிக்கக் கூடாது."

சகாயமேரி பாட்டெடுத்தாள். உப்பு நீரில் வெடித்த கைகளைக் கூப்பி அப்பெண்கள் பாட, அழுகையும் அடங்கி ஊர் கேட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பர் பெரியோர். உப்பு விளைவித்தவரையே பழித்த நாவினால் பாடியவள், அவர்கள் மறைத்துக் காத்த மானத்தில் நின்றாள். பாட்டு முடிந்து ஊர் எழுந்தது. அவள் தலை எழவில்லை.