தானாகச் சுடாத துப்பாக்கி

1.

முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இந்தக் கதை ஒரு பொய் அறிக்கையிலிருந்து பிறந்தது.

எழுதுகிறவள் மாஹிரா. மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசர். தாம்பரத்தில் ஏறும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் எழுத்தாளர். ‘நான்’ என்று தொடங்கிய மூன்று வரைவுகளிலும் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொண்டாள். அதனால் இந்த முறை ‘அவள்’. [திட்டுவதற்கும் வசதி.]

2.

அவளுடைய நாவல் ஒரு கற்பனை நாட்டில் நடக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பைப் பத்து மடங்கு பெரிதாக்கி நடுவில் கோட்டை ஒன்றை வைத்தால் அந்த நாடு வந்துவிடும். கோட்டை வாசலில் ஒரு துப்பாக்கி. ஆறு குழல்களை வட்டமாகச் சேர்த்துக் கட்டியது, பின்னால் கைப்பிடி. சுற்றச் சுற்ற மேலேயுள்ள பெட்டியிலிருந்து தோட்டாக்கள் ஒவ்வொன்றாக இறங்கும், குழல்கள் முறைவைத்து வெடிக்கும்.*

வெள்ளத்தில் வீடிழந்த சனங்கள் ஒதுங்க மேடான இடம் கேட்டு வாசலுக்கு வருகிறார்கள். கைப்பிடியருகே நிற்பவள் நீலி. தளபதி ‘சுடு’ என்கிறான்.

முதல் வரைவு: ‘நீலி கைப்பிடியைத் தொட்டதுதான் தாமதம், துப்பாக்கி தானாகவே—’

இரண்டாவது: ‘யார் சுற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த இயந்திரத்துக்கே ஏதோ—’

இரண்டையும் அடிக்காமல் விட்டிருக்கிறாள். எப்படி நழுவுகிறாள் என்று நீங்களும் பார்க்க வேண்டாமா?

* கற்பனை நாடே ஆனாலும் அந்த ஊர்க் கொல்லனால் செய்ய முடிந்ததைத்தான் வைப்பேன் என்பது அவள் பிடிவாதம்.

3.

பக்கங்களை பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்த தேவானந்தத்திடம் கொடுத்தாள். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் அவர். பொத்தேரி தாண்டுவதற்குள் படித்துவிட்டார்.

“இன்னா மேடம் இது? மோட்டாரு இல்ல, ஒண்ணும் இல்ல. கையால சுத்துற மிஷினு எப்டி தானா ஓடும்? கைய எட்த்தா நின்னுடும். அவ்ளோதான்.”

“கதைதானே அண்ணா.”

“நாலாம் நம்பர் பிரஸ்ஸும் தானா எறங்குச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிக்கீறீங்க. ரெண்டு நாளா பிரிச்சுப் பாத்துகினு கீறேன். ஒரு கோளாறும் இல்ல. இல்லாதத எங்க போய் தேடுறது? பேஜாரா கீது.”

மாஹிரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

4.

[இந்தப் பகுதியை நான்கு முறை தள்ளிப்போட்டாள்.]

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அந்த பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. ஒரு பொத்தானை டேப் ஒட்டி அழுத்தி வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம், வேகம் கூடும். எல்லா லைனிலும் நடப்பதுதான். அன்றைக்கு டார்கெட் எட்டவில்லை. ஒட்டச் சொன்னது சூப்பர்வைசர். அந்த பிரஸ்ஸை ஓட்டிய மெர்வினுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

அலறல் கேட்டு ஓடியவள் முதலில் செய்த காரியம் டேப்பை உரித்தது. மெர்வினைத் தாங்கியது அதற்கப்புறம்தான். அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

கோளாறு என்று எழுதியாயிற்று. இன்று ‘சரிசெய்யப்பட்டது’ என்று கையெழுத்தாகிவிடும். மெர்வின் இடத்தில் அதே லைனில் வேலை செய்யும் ஏஞ்சல் உட்காருவாள். டார்கெட் அதேதான். டேப்பும் வரும்.

5.

நீலிக்கு மூன்று முடிவுகள் யோசித்து வைத்திருந்தாள்.

அ) தோட்டா சிக்கிக்கொள்கிறது, சனங்கள் பிழைக்கிறார்கள். [இதுவும் டேப்பை உரிக்கிற வேலைதான்.]

ஆ) நீலி சுற்றுகிறாள்.

இ) நீலி கையை எடுத்துவிடுகிறாள். உடனே தளபதி அவளை—

எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பஸ் கம்பெனி வாசலில் நிற்பதற்குள் கடைசிப் பக்கத்தின் பின்புறம் புது அறிக்கை எழுதிவிட்டாள். ‘பொத்தானில் டேப் ஒட்டச் சொன்னது நான். எல்லா லைனிலும் இன்றே சோதிக்க வேண்டும்.’ கீழே பெயர், தேதி. வேலை போகலாம். போகட்டும்.

தேவானந்தத்திடம் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

“மெர்வினுக்குத் தெரியுமா?”

“சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போறேன். இப்போ மேனேஜர்கிட்ட. சோதிச்சு முடிக்கிற வரைக்கும் ஏஞ்சல் அந்த பிரஸ்ல உட்காரக் கூடாது அண்ணா.”

“மெயினை ஆஃப் பண்ணி பூட்டிடறேன். சாவி என்னாண்டயே இருக்கும். நீங்க போங்க.”

அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். நாவல் பஸ் சீட்டிலேயே கிடக்கிறது, உங்களுக்குப் பக்கத்தில். வாசலில் சனங்கள் நிற்கிறார்கள், தண்ணீர் ஏறுகிறது, நீலியின் கை கைப்பிடியில். மீதியை நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். துப்பாக்கி தானாகச் சுட்டது என்று மட்டும் எழுதக் கூடாது.