ஒரு பீஸ் கெட்டால் மொத்த லாட்டும்

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பகலவன் பதினாலு வருஷமாகத் தரம் பார்க்கிறவன். கெட்ட பீஸில் சிவப்புச் சீட்டு ஒட்டுவது அவன் வேலை. ஒட்டினால் ஒட்டியதுதான். அந்தப் பீஸைத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடி மேசைக்குக் கொண்டுவருகிறவனைத் திருடன் வரிசையில் நிறுத்துவான். சாம்பிள் ஐந்தில் ஒன்று கெட்டிருந்தால் அந்த லாட்டில் உள்ள ஐந்நூறும் குப்பைக்கு. சூப்பர்வைசரே கெஞ்சினாலும் நடக்காது.

தன் வலது குதிகாலில் இருந்த கறுப்புப் புள்ளியை மட்டும் பல வருஷம் பாஸ் போட்டு விட்டிருந்தான். பாதத்தில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றும் ராசி என்பார்கள். அவன் சுற்றியது பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை, கம்பெனி பஸ்ஸில். சேஃப்டி ஷூவுக்குள் புள்ளி பரவி, ரத்தம் கசிந்து, தொடை இடுக்கில் நெறியும் கட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். மச்சத்தை மேலாக வெட்டி, நெறியிலிருந்து ஒரு கட்டியும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

பங்குனியில் ரிப்போர்ட் வந்தது. மச்சம் மெலனோமா என்கிற புற்றுநோய். நெறிக்குள்ளும் அதே செல், பரவிவிட்டது. குதிகாலை இன்னும் அகலமாக வெட்ட வேண்டும், பிறகு ஊசி மருந்து என்றார் டாக்டர்.

"லாட்டே போச்சு. இனிமே குதிகால வெட்டி இன்னா ஆவப்போவுது?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான் பகலவன்.

மனைவி கனகம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் நைட்டி விற்கிறவள். முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவர்களைப் பார்த்தாலே அவளுக்குப் பரிதாபம் வரும்.

"யோவ், ஒருத்தன் சொன்னா அதோட முடிஞ்சிதா? இன்னொரு எடத்துல காட்டுவோம்யா."

"இது நைட்டி இல்லமே. ரிஜெக்ட் ஆன பீஸ மறுபடி செக்கிங்குக்கு எடுத்துகினு போறவன எங்க லைன்ல இன்னான்னு கூப்புடுவோம் தெரியுமா?"

"உன் லைன கம்பெனியோட வெச்சுக்கோ. வூட்ல நான்தான் சூப்பர்வைசரு."

சிரித்தான். ஆனால் அசையவில்லை. குதிகாலில் பஞ்சு வைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனான். ஓவர்டைம் கூடச் செய்தான்.

மச்சத்தையும் கட்டியையும் பதப்படுத்தி வைத்திருக்கும் மெழுகு வில்லைகளைக் கனகம் போய்க் கேட்டபோது, நோயாளியின் கையெழுத்து வேண்டும் என்றது லேப். ஆடி மாதம் ஒரு நாள், பிள்ளையின் ஸ்கூல் ஃபார்ம் என்று கனகம் ஒரு காகிதத்தை நீட்டினாள். தரம் பார்க்கிறவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். வில்லைகள் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயின. பத்து நாளில் அங்கே டாக்டர் ரஞ்சனி இருவரையும் கூப்பிட்டார்.

"நெறியில இருந்தது கேன்சர் இல்லங்க. சாதா மச்சத்தோட செல்லு. சில பேருக்கு நெறிக்குள்ள அப்படித் தங்கியிருக்கும், ஒண்ணும் செய்யாது. பாக்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தனிச் சாயம் போட்டாதான் பிரிஞ்சு தெரியும். நெறி வீங்கினது கால் புண்ணால."

"பாத்தியாய்யா!" கனகம் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அப்ப பரவலயா மேடம்?"

"அன்னிக்கு எடுத்த கட்டியில இல்ல. ஆனா குதிகால்ல இருந்தது மெலனோமாதான், ஓரத்துல மிச்சமும் இருந்திருக்கு. அகலமா வெட்டினது எப்ப?"

பகலவன் தரையைப் பார்த்தான். "வெட்டல மேடம்."

"நாலு மாசமாவா?"

படுக்கச் சொன்னார். பஞ்சை எடுத்துப் பார்த்தார். பிறகு தொடை இடுக்கை அழுத்திக்கொண்டே வந்த விரல், பழைய தையலுக்குக் கீழே ஓர் இடத்தில் நின்றது.

"இது எப்பலேந்து?"

"ரெண்டு வாரமா... கோலிகுண்டு மாதிரி." சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "அதுவும் அந்த மச்சச் செல்லாத்தானே மேடம் இருக்கும்? இன்னொரு வாட்டி டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமே. ரெண்டு எடத்துல கூடப் பாக்கலாம்."

ரஞ்சனி அட்மிஷன் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார். கனகம் குனிந்து அவன் காலில் செருப்பை மாட்டிவிட்டாள்.

"நாளைக்கு வெறும் வயித்துல இட்டாரணுமா மேடம்?"