பென்சில் படாத முகம்

சிட்டாளின் முகத்தில் அம்மை வடு இருப்பது ஊருக்கே தெரியும். அவளைக் கட்டிக்கொண்ட தச்சன் ஆசைத்தம்பிக்கு ஒவ்வொரு வடுவும் தனித்தனியாகத் தெரியும். அந்த வடுக்களைப் பார்த்துப் பதறியவர் காரைக்குடி ஸ்டூடியோக்காரர் ஒருவர்தான். மனுஷர் நல்லவர், அதுதான் வினையாகப் போயிற்று. நெகட்டிவில் பென்சிலைத் தீட்டித் தீட்டி, ஒரு வடு மிச்சமில்லாமல் மூடி, அவளைச் சினிமாக்காரி கணக்காக ஆக்கிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் படத்தை ஒட்டித்தான் சிட்டாள் அம்மை குத்தும் வேலைக்கு மனுப் போட்டாள். எட்டு வயதில் அவளுக்கும் தம்பிக்கும் சேர்ந்தே அம்மை வந்து, அவள் மட்டும் பிழைத்தவள். அந்த வேலையைத் தவிர வேறெதையும் அவள் கேட்டதில்லை. மதுரைக்கு நேர்முகத்துக்குப் போனால், குமாஸ்தா படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆள் மாறாட்டமா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். திங்கட்கிழமைக்குள் சரியான படம் வராவிட்டால் மனு தள்ளுபடி. அது அறுபத்தொன்பதாம் வருஷம்.

திரும்ப ஸ்டூடியோவுக்குப் போனார்கள். "வடுவோட படம் குடுத்தா என் கடைப் பேரு என்னாகுறது தாயி?" என்று அவர் கையை விரித்தார். "நீங்களே எடுத்துட்டு வாங்க, கழுவி மட்டும் தாரேன்."

எடுப்பதாம்! ஆசைத்தம்பி அதுவரை கேமராவைத் தொட்டதுகூட இல்லை. கல்லல் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்த சிநேகிதன் கோட்டைச்சாமியிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. "நாலு படந்தான் மிச்சமிருக்கு. ஆறடிக்குக் கிட்டப் போனா கலங்கிப்போகும், கை ஆடக்கூடாது" என்று சொல்லிக் கொடுத்தான்.

மறுநாள் காலை, அமராவதிபுதூரில் தன் வீட்டுப் பட்டறையில், ஜன்னல் ஓரமாகச் சிட்டாளை உட்கார வைத்தான் ஆசைத்தம்பி. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து அவள் கன்னத்தில் விழுந்தது. நல்ல வெளிச்சம் என்றுதான் அவன் நினைத்தான். பதினைந்து வருஷமாக அந்த ஜன்னலில்தானே எல்லாவற்றையும் பார்க்கிறான். ஆனால் பார்த்தால், இருக்கிற வடுவெல்லாம் இரண்டு மடங்கு ஆழமாகத் தெரிந்தது. அவன் தன்னையறியாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை அவள் கன்னத்தருகே கொண்டுபோனான்.

"என்ன, இழைப்புளி போடப் போறீகளா?" என்றாள் சிட்டாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் கன்னத்தை ஜன்னலிலிருந்து திருப்பிக்கொண்டாள். அவனுக்குச் சுருக்கென்றது. இழைத்த பலகையில் மேடு பள்ளம் பார்க்க அதைச் சாய்த்துப் பிடிக்கிற வெளிச்சம் அது. குற்றம் கண்டுபிடிக்கிற வெளிச்சத்தில் கட்டினவளை உட்கார வைத்துவிட்டு நல்ல படம் வரும் என்று காத்திருந்த தன் புத்தியை அவனே திட்டிக்கொண்டான்.

"எந்திரி சிட்டா. இங்குட்டு வா, வாசலைப் பாத்து உக்காரு."

வாசல் நிலைக்கு உள்ளே, வெயில் நேராகப் படாத நிழலில், வெளிச்சம் முகத்துக்கு நேரே வரும்படி முக்காலியைப் போட்டான். சிட்டாளுக்குப் பின்னால் ஒரு தேக்குக் கதவை நிறுத்தினான். அப்போதும் கண்ணுக்கும் தாடைக்கும் கீழே கொஞ்சம் இருட்டு. கல்யாண வேட்டியை எடுத்து, விற்கக் கிடந்த ஜன்னல் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அவள் மடிக்கு முன்னால் சாய்த்து வைத்தான். வெளியிலிருந்து வந்த வெளிச்சம் வேட்டியில் பட்டு அவள் முகத்துக்கு ஏறியது. இருட்டு போயிற்று. வடுக்கள் போகவில்லை. அவை இருந்த இடத்தில், இருந்த அளவில் இருந்தன. அவன் தினமும் சாப்பாட்டுக்கு எதிரே பார்க்கிற முகம் அப்படியே உட்கார்ந்திருந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று நினைத்தவன், வாய்விட்டும் சொல்லிவிட்டான்.

"போதும், படத்தை எடுங்க" என்றாள் அவள். முகம் சிவந்துவிட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலையும் எடுத்தான். ஸ்டூடியோவில் கழுவிப் பார்த்தால் இரண்டு படங்கள் கை ஆடியதில் கலங்கியிருந்தன, ஒன்றில் கண் மூடியிருந்தது. நாலாவது படத்தை ஸ்டூடியோக்காரர் வெகுநேரம் பார்த்தார்.

"கை அரிக்குதுய்யா" என்றார், பென்சிலைத் தொட்டபடி. பிறகு அதை மேசையில் வைத்துவிட்டார். "ஆனா ஒண்ணும் செய்ய வேணாம். இது அவுகளேதான்."

திங்கட்கிழமை மதுரையில் குமாஸ்தா மறுபேச்சுப் பேசாமல் படத்தை ஒட்டி உள்ளே அனுப்பினார். ஆசைத்தம்பி கதவோரம் நின்றான். உள்ளே நேர்முகம் நடத்திய டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், சிட்டாளைப் பார்த்தார்.

"அம்மை ஊசின்னு சொன்னாலே ஊர்க்காரங்க கதவை அடைச்சுக்கிறாங்கம்மா. நாங்க எவ்வளவு சொல்லியும் கேக்கலை. நீங்க போய் வாசல்ல நின்னாப் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம்" என்றவர் கையெழுத்துப் போட்டார்.

சிட்டாள் வெளியே வந்தாள். புருஷன் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கல்லல் பக்கம் பதினோரு ஊரு எனக்குன்னு எழுதிட்டாக."

"பதினோரு ஊரா!" என்று ஆசைத்தம்பி போட்ட சத்தத்தில், குமாஸ்தா பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.